பெயரை எடுத்த பிறகு, சேர்க்கும் முன்

எதிரே உட்கார்ந்திருப்பவர் நாம் சொல்வதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எனக்கு ஒண்ணும் புரியல பாப்பா. நீ சொல்லு, நான் செஞ்சுடறேன்" என்கிறார். அப்போது நாம் சொல்ல வேண்டுமா, கூடாதா? டைம் ஆபீஸ் நாற்காலியில் இத்தனை வருடம் உட்கார்ந்த பிறகும் இதற்கு என்னிடம் பதில் இல்லை.

இந்த மாதக் கடைசியோடு நான் வேலையை விடுகிறேன். மகளுக்கு இரண்டு வயது முடியப் போகிறது, பகலில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. விடுவது சரிதான் என்று காலையில் தோன்றுகிறது, சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது தப்பு என்று தோன்றுகிறது. அது கிடக்கட்டும். புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் இருவருக்காக வருகைப்பதிவு, விடுப்பு, பி.எஃப்., விபத்து அறிக்கை எல்லாவற்றுக்கும் வழிமுறை எழுதிக் கணினியில் வைத்துவிட்டேன். ஓய்வு பெற்றவர்களின் காப்பீடு பற்றியும் அதில் இருக்கிறது. ஆனால் அந்தப் பகுதியை மறுபடி படித்துப் பார்த்தபோது, முக்கியமானது எதுவும் அதில் இல்லை என்று பட்டது. அதனால் இதைத் தனியாக எழுதுகிறேன்.

போன வருடம் வரை நம் கம்பெனியில் ஓய்வு பெற்றவர்களுக்கும் அவர்கள் மனைவி, கணவருக்கும் மருத்துவக் காப்பீடு இருந்தது. எப்போதோ யூனியன் பேசி வாங்கியது. வேலையில் இருக்கும்போதே சம்பளம் கூடி, தொழிலாளர் காப்பீட்டு (இ.எஸ்.ஐ.) வரம்பைத் தாண்டிவிட்ட பழைய ஆட்கள் பலருக்கு அது ஒன்றுதான் துணை. ஒரு நாள் நம் மேலாளர் என்னைக் கூப்பிட்டார்.

"இந்தத் தடவ ரின்யூவல் இல்லம்மா. அடுத்த மாசக் கடைசியோட முடியுது. எல்லாரையும் கவர்மெண்ட் திட்டத்துல சேத்து விடணும். நீதான் பாத்துக்கணும்."

"எல்லாரும் சேர முடியுமா சார்?"

"அதத்தான் நீ பாக்கணும்."

புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் நம் கேன்டீனில் அவர்களைக் கூட்டினோம். தோளில் துண்டோடும், கையில் மருந்துச் சீட்டு வைத்த மஞ்சள் பையோடும் வந்தார்கள். கோபத்தை எதிர்பார்த்து நான் முந்தின நாள் முழுக்கப் பயந்துகொண்டிருந்தேன். அவர்கள் என்னைத் திட்டவில்லை. டீ குடித்துவிட்டுக் கம்பெனியைத் திட்டினார்கள், பிறகு ஒருவரை ஒருவர் கிண்டல் செய்தார்கள்.

அங்கேதான் கலியபெருமாள் ஐயாவை முதலில் பார்த்தேன். தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் இருந்து ஓய்வு பெற்றவர், எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி அஞ்சலாட்சி அம்மாள், சின்ன உருவம், கன்னத்தில் ஒரு கை.

"எங்க தெருவுல ஒருத்தரு பிரெஞ்சு பென்ஷன்காரரு," என்று ஐயா மேசை முழுவதற்கும் கேட்கும்படி சொன்னார். "தும்முனா கூட பாரீசு காசு குடுக்குது. பிரெஞ்சுக்காரன் ஊர விட்டுப் போனப்ப நம்மாளுங்களையும் கேட்டாங்களாம், நீ பிரெஞ்சுக்காரனா இருக்கியா, இந்தியாக்காரனா இருக்கியான்னு. எங்கப்பா கழனியில வேலையா இருந்தாராம், போவவே இல்ல. போயி ஒரு கையெழுத்து போட்டிருந்தா நான் ஏன் இங்க வந்து குந்தியிருக்கப் போறேன்?"

"உங்கப்பாரு போயிருந்தா நீ பாரீசுல வளந்திருப்ப. என்னை எங்க கட்டியிருக்கப் போற?" என்றார் அம்மாள்.

"அந்த லாபத்தையும் சேத்துத்தான் சொல்றேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாளும் சிரித்தார். சிரித்து முடித்ததும் மூச்சு வாங்கியது. அதை நான் கவனித்தேன். கவனித்தேன் என்பதைத்தான் இப்போதும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

பெரும்பாலானவர்களுக்குச் சிக்கல் இல்லை. எழுபது தாண்டியவர்களுக்கு வயதை மட்டும் பார்த்து மத்திய அரசு கொடுக்கும் காப்பீட்டுக் கார்டு இருக்கிறது. எழுபதுக்குக் கீழே, புதுச்சேரி ரேஷன் கார்டில் பெயர் இருந்தால் இங்கே அரசுத் திட்டத்தில் சேர்ந்துவிடலாம். கஷ்டம், வீட்டை அந்தப் பக்கம் கட்டியவர்களுக்குத்தான். கலியபெருமாள் ஐயா எல்லையில் இருக்கும் கோரிமேட்டைத் தாண்டி, தமிழ்நாட்டுப் பக்கம், மனை விலை குறைவென்று வீடு கட்டியவர். ரேஷன் கார்டு அங்கே. அவர் மகள் வீடு இந்தப் பக்கம், முத்தியால்பேட்டையில்.

நீங்கள் இந்த ஊர்தான், உங்களுக்கே தெரியும். நம்மவர்கள் ஒரு காலை அந்தப் பக்கமும் ஒரு காலை இந்தப் பக்கமும் வைத்துக்கொள்வார்கள். ஓட்டு ஒரு பக்கம், கேஸ் இணைப்பு ஒரு பக்கம். குடும்பத்தில் பாதிப் பேர் பெயர் அங்கே, மீதிப் பேர் பெயர் இங்கே உறவுக்காரர் கார்டில். யாரும் இதைத் தப்பாக நினைப்பதில்லை, முன்யோசனை என்றுதான் நினைக்கிறார்கள். அஞ்சலாட்சி அம்மாள் பெயரும் ஒரு காலத்தில் மகள் வீட்டுக் கார்டில் இருந்தது. ஆதாரை இணைக்கச் சொன்னபோது, ஒரு பெயர் ஒரு பக்கம்தான் நிற்கும் என்று ஆகிவிட்டது. புருஷன் பெண்டாட்டி பெயர் ஒன்றாக இருக்கட்டும் என்று ஐயா இங்கே விட்டுக்கொடுத்து அங்கே வைத்துக்கொண்டார். கம்பெனிக் காப்பீடு இருக்கிறதே என்ற தைரியம்.

அந்தச் சமயத்தில் அம்மாளுக்கு இதயத்தில் ஒரு வால்வை மாற்ற வேண்டியிருந்தது. அவர்கள் காட்டிக்கொண்டிருந்த தனியார் மருத்துவமனையில் அந்த ஆபரேஷனுக்குத் தமிழ்நாட்டுத் திட்டம் செல்லாது, புதுச்சேரித் திட்டம் செல்லும் என்று சொன்னார்கள். புதுச்சேரித் திட்டத்தில் சேர, பெயர் மகள் வீட்டுக் கார்டுக்கு வர வேண்டும். இங்கே சேர்க்க வேண்டுமானால் முதலில் அங்கே எடுக்க வேண்டும். எடுத்த பிறகு, சேரும் வரை, அவர் எந்தப் பக்கமும் இல்லை.

இன்னொரு வழியும் இருந்தது. கம்பெனிக் காப்பீடு முடிவதற்குள் ஆபரேஷனை முடித்துவிடுவது. ஆனால் அம்மாளுக்கு ஈறு வீங்கி, இரண்டு பல் எடுக்க வேண்டியிருந்தது. வாயில் சீழ் இருக்கும்போது வால்வு வைத்தால் அந்த வால்வுக்கே ஆபத்து என்றார் டாக்டர். சர்க்கரையும் இறங்க வேண்டும். "கொஞ்சம் பொறுத்துச் செய்வது நல்லது. ஆனால் ரொம்பவும் தள்ளிப்போடக் கூடாது" என்று சொல்லியிருந்தார். டாக்டர்கள் சொல்கிற இந்த "கொஞ்சம்" எவ்வளவு, "ரொம்ப" எவ்வளவு என்று யாராவது நமக்குச் சொல்லித் தந்தால் நன்றாக இருக்கும்.

நான் மேலாளரிடம் போனேன். அவர் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே சொன்னார்: "ரெண்டு வழியையும் சொல்லு. முடிவ மட்டும் சொல்லாத. அது நம்ம வேல இல்ல."

அவர் சொன்னபடிதான் தொடங்கினேன். இருவரையும் உட்காரவைத்து இரண்டு வழியையும் சொன்னேன். ஐயா தலையாட்டினார். மறுபடி சொன்னேன். மறுபடி தலையாட்டினார். பிறகுதான் அந்த வார்த்தையைச் சொன்னார்: "நீ சொல்லு பாப்பா. நான் செஞ்சுடறேன்."

"நான் எப்படி ஐயா சொல்றது? நீங்க வீட்டுல பேசி..."

"வீட்டுல யாரு இருக்கா? நானும் இவளும்தான். இவ பல்லு வலிக்குதுங்கறா, நான் பயமா இருக்குதுங்கறேன். அதத்தான் ராத்திரி பகலா பேசிக்கிட்டு இருக்கோம்."

அம்மாள் கன்னத்திலிருந்து கையை எடுக்காமல், "பல்லு புடுங்குற வரைக்கும் உங்க கம்பெனி பொறுக்காதா பாப்பா?" என்று கேட்டார்.

அதற்கு முந்தின வாரம்தான் என் மகளுக்குக் காய்ச்சல் வந்து தணியாமல் இருந்தது. டாக்டர், "அட்மிட் பண்ணலாம், வீட்டுல வெச்சும் பாக்கலாம். உங்க விருப்பம்" என்றார். அவர் மரியாதையாகத்தான் சொன்னார். எனக்கு அவர் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. படித்தது நீ, தெரிந்தது உனக்கு, என் விருப்பம் என்று ஏன் என் தலையில் போடுகிறாய் என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து அழுதேன். அந்தக் கோபம் அப்போதும் எனக்குள் இருந்தது. "உங்க விருப்பம் ஐயா" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"அங்க பேர எடுத்துடுங்க ஐயா. இங்க சேத்துடலாம். ஆபரேஷனுக்கு அவசரப்பட வேணாம், பல்ல முதல்ல பாருங்க" என்றேன்.

"அவ்ளோதான?" என்று எழுந்தார். அந்த நிமிஷம் அவர் முகத்தில் வந்த நிம்மதியை நீங்கள் பார்த்திருந்தால் நீங்களும் சொல்லியிருப்பீர்கள். அன்று சாயங்காலம் பஸ்ஸில் அவர் பயம் முழுவதும் என் மடியில் இருந்தது போல இருந்தது.

அங்கே பெயர் நீக்கம் சீக்கிரமே முடிந்துவிட்டது. எடுப்பதில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. சேர்ப்பதற்குத்தான், அவர் உண்மையிலேயே அந்த வீட்டில் இருக்கிறாரா என்று ஆள் வந்து பார்க்க வேண்டும். அது நியாயமான விதிதான். அதற்காக அம்மாளை மகள் வீட்டிலேயே தங்கச் சொல்லியிருந்தேன். ரேஷன் கார்டு அலுவலகத்திலிருந்து ஆள் வந்த அன்று வீடு பூட்டியிருந்தது. அம்மாள் பல் எடுக்கப் போயிருந்தார், துணைக்கு மகளும் போயிருந்தாள். பல்லை முதலில் பாருங்கள் என்று சொன்னதும் நான்தான்.

மறுபடி ஆள் வருவதற்குள் மாதம் முடிந்துவிட்டது. மகள் வீடு மாடியில். ஏறி இறங்க முடியவில்லை என்று அம்மாள் இரண்டு நாள் மட்டும் தன் வீட்டுக்குப் போனார். அந்த இரண்டு நாளில்தான் அது நடந்தது.

காலை நேரம். மகளை இடுப்பில் வைத்து இட்லி ஊட்டிக்கொண்டிருந்தேன். போன் வந்தது. பின்னால் ஆட்டோ உறுமும் சத்தம்.

"பாப்பா, கோரிமேட்டுல நிக்கறோம். இவளுக்கு மூச்சு இழுக்குது. எந்தப் பக்கம் போவட்டும்? டவுன்ல அந்த ஆஸ்பத்திரிக்கே போவட்டுமா? அங்கதான் சீட்டெல்லாம் இருக்குது. இல்ல இங்க கவர்மெண்டு பெரிய ஆஸ்பத்திரியில நுழையட்டுமா? கார்டு கேட்டா நான் இன்னா சொல்றது?"

இப்போது நான் சொல்லப் போவதைக் கவனமாகப் படியுங்கள், ஏனென்றால் இது உங்களுக்கும் நடக்கும். முதலில் நான் நினைத்தது அம்மாளை அல்ல. தமிழ்நாட்டில் எடுத்தாயிற்று, இங்கே இன்னும் ஏறவில்லை, கம்பெனிக் காப்பீடு முடிந்துவிட்டது, அப்படியென்றால் எந்த வாசலில் எதைக் காட்டுவது, இதுதான் என் மூளையில் ஓடியது. வாரக்கணக்கில் கார்டையே நினைத்துக்கொண்டிருந்தால் மூளை அப்படித்தான் பழகிவிடும் போல. மகள் என் கன்னத்தில் இட்லிக் கையால் தட்டினாள். போனில் ஐயா, "பாப்பா? பாப்பா, லைன்ல இருக்கியா?" என்றார்.

"பெரிய ஆஸ்பத்திரி ஐயா. உங்களுக்கு எதிர்லயே இருக்குது. நேரா எமர்ஜென்சி. கார்டப் பத்திப் பேசவே பேசாதீங்க. மூச்சு முட்டுது, இதயத்துல வால்வு கோளாறுன்னு மட்டும் சொல்லுங்க. நான் வந்துட்டே இருக்கேன்."

அங்கே கார்டை யாரும் கேட்கவில்லை. வாயில் ஆக்சிஜனை வைத்து, நுரையீரலில் கட்டியிருந்த நீர் இறங்க ஊசி போட்டு உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். நான் மகளை என் அக்காவிடம் விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தபோது, ஐயா வாசல் மரத்தடியில் வெளியூர் பஸ்களில் வந்தவர்களோடு உட்கார்ந்திருந்தார். ஆட்டோக்காரர் கூடவே இருந்தார். "உள்ள விட மாட்டேங்கறாங்க. கொண்டுபோறப்பவே என்னைப் பாத்துக் கத்துனா, அப்படின்னா நல்லாத்தான் இருக்கா" என்றார் ஐயா. பிறகு துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

மறுநாள் வார்டில் பார்த்தேன். மூக்கில் குழாய். என்னைப் பார்த்ததும் அம்மாள் விரலை ஆட்டிக் கூப்பிட்டார்.

"ஏம் பாப்பா, அங்கயும் எடுத்துட்டாங்க, இங்கயும் ஏறல. இப்ப நான் எந்த ஊர்க்காரி?"

நான் அவர் போர்வையை இழுத்துவிட்டேன்.

"பாரீசுன்னு சொல்லிடு," என்றார் ஐயா பக்கத்திலிருந்து.

"இவரு ஒருத்தரு," என்று அம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். சிரித்தாரா, வலியா என்று எனக்குத் தெரியவில்லை.

அம்மாள் வார்டில் இருக்கும்போதே பெயர் மகள் கார்டில் ஏறியது. இந்த முறை ஆள் வந்தபோது மகள் ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டினாள், அவரும் புரிந்துகொண்டார். உடம்பு தேறிய பிறகு, முன்பு காட்டிய டாக்டரிடமே, புதுச்சேரித் திட்டத்தில் ஆபரேஷன் நடந்தது. அம்மாள் இருக்கிறார். பேசுகிறார், ஐயாவைத் திட்டுகிறார். ஆனால் மாடி ஏற முடிவதில்லை. மகள் வீட்டுக்கு இப்போது போவதில்லை, மகள்தான் வருகிறாள். இதயம் முன்பு போல அடிக்காது என்று சொல்லிவிட்டார்கள். அன்று நுரையீரலில் நீர் கட்டும் அளவுக்கு இதயம் களைத்துப்போனதால் வந்த வினை அது என்கிறார்கள்.

எனக்குத் தெரிந்த இரண்டு டாக்டர்களிடம் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம். ஒருவர், "மாதக் கடைசிக்குள் செய்திருந்தால் இந்த அளவு போயிருக்காது" என்றார். இன்னொருவர், "அந்த வாயோடு செய்திருந்தால் வால்வில் கிருமி ஏறி, ஆளே இருந்திருக்க மாட்டார்" என்றார். இரண்டு பேரும் உறுதியாகத்தான் சொன்னார்கள்.

நம் மேலாளர் என்னிடம் "அன்னிக்கே சொன்னேன்" என்று சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. ஒரு நாள் மதியம், கேட்காமலே பேசினார். அவர் இதற்கு முன் இருந்த கம்பெனியிலும் இதே போல ஒரு காப்பீடு நின்றது. ஓய்வு பெற்ற ஒருவர் வந்து, "நீங்க சொல்லுங்க சார்" என்றாராம். இவர் வழிகளை மட்டும் விளக்கி அனுப்பினார். அந்த மனிதர் எதையும் செய்யாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தார். ஒரு முடிவும் எடுக்காமலே தேதி தாண்டிவிட்டது. "சொல்லாம இருந்ததுக்கும் நான் ஒரு சாவு வீட்டு வாசல்ல போயி நின்னிருக்கேம்மா" என்றார். "அப்புறம் ஏன் சார் என்னைச் சொல்ல வேணாம்னீங்க?" என்று கேட்டேன். டப்பாவைக் கழுவ எழுந்து போனார்.

இதிலிருந்து நான் கற்றுக்கொண்டதாக நிச்சயமாகச் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். ஒரு பக்கம் பெயரை எடுக்கச் சொல்லும் முன், மறுபக்கம் சேர்ப்பதற்கு என்னென்ன நடக்க வேண்டும், யார் எப்போது வீட்டுக்கு வருவார்கள் என்பதையெல்லாம் முன்கூட்டியே போய் விசாரியுங்கள். "சேத்துடலாம்" என்ற வார்த்தையை நான் அவ்வளவு சுலபமாகச் சொல்லியிருக்கக் கூடாது. அப்புறம், யாராவது மூச்சு முட்டுகிறது என்று போன் செய்தால், கார்டை மறந்துவிடுங்கள். பக்கத்தில் இருக்கும் அவசரப் பிரிவு எதுவோ அதுதான் பதில். அதை மட்டும் யோசிக்காமல் சொல்லுங்கள்.

மற்றதெல்லாம் எனக்கே தெரியவில்லை. அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

போன வாரம் கலியபெருமாள் ஐயா வந்தார். அவருக்குக் குடலிறக்கம். "இப்ப பண்ணாலும் சரி, கொஞ்ச நாள் பொறுத்தாலும் சரி" என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மறுபடி அந்தக் "கொஞ்சம்". அவர் பெயர் இன்னும் அந்தப் பக்கக் கார்டில் தனியாக இருக்கிறது. அவர் காட்டும் ஆஸ்பத்திரியில் இதற்கும் தமிழ்நாட்டுத் திட்டம் செல்லாதாம். எடுத்துவிட்டு இங்கே மகள் கார்டில் சேர்ந்தால் காப்பீடு கிடைக்கும், ஆனால் நடுவில் ஒரு காலம் எந்தப் பக்கமும் இல்லாமல் இருக்க வேண்டும். எடுக்காமல் பொறுத்திருந்தால், அடுத்த வருடம் எழுபது முடிந்ததும் எந்தப் பக்கமும் கேட்காமல் கார்டு வந்துவிடும். அதற்குள் குடல் சிக்கிக்கொண்டால் என்ன செய்வது?

இரண்டையும் சொன்னேன். மறுபடியும் சொன்னேன். அவர் என் மேல் ஒரு துளி வருத்தமும் இல்லாத முகத்தோடு, "எங்களுக்கு யாரு இருக்கா பாப்பா, நீதான். நீ சொல்லு, செஞ்சுடறேன்" என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை வரச் சொல்லி அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகுதான் உறைத்தது, அன்று அந்த நாற்காலியில் நான் இருக்க மாட்டேன். உங்களில் ஒருவர் இருப்பீர்கள். அவரைக் காத்திருக்க விடாதீர்கள், முதலில் உட்காரச் சொல்லுங்கள், அவர் நின்றுகொண்டே பேசுவார். அம்மாள் எப்படி இருக்கிறார் என்று கேளுங்கள். பிறகு அவர் கேட்பார்.

நீங்கள் என்ன சொல்வீர்கள்? என் எண் உங்களிடம் இருக்கிறது. அந்தத் திங்களுக்கு முன் எனக்குச் சொல்லுங்கள்.